சுவர் வைக்காத வீடு

அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல், வேலு. மற்றதெல்லாம் உன் இஷ்டம். மேலே பிள்ளையார் படமா வேல் படமா, பெண் வீட்டார் பெயர் முன்னாலா பின்னாலா, எதற்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் நீ மாதிரிக்கு அனுப்பிய கல்யாணப் பத்திரிகையில், நம் தெருப் பெயருக்கு மேலே சாய்வெழுத்தில், 'நான்கு தலைமுறையாகச் சுவர் வைக்காத ஒரே குடும்பத்து வீடு' என்று போட்டிருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை, காமாட்சி கோயிலுக்குப் பூவும் கையுமாகக் கிளம்பி வாசற்படியில் நின்றவள் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மன் காத்திருப்பாள். நீ காத்திருக்க மாட்டாய், அடுத்த வாரம் அச்சாபீசுக்குக் கொடுத்துவிடுவாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, பிழை இருக்கும். பிழையைப் பார்க்காதே, சொல்வதைப் பார். உன் பெண்டாட்டியாக வரப்போகிற கலாவுக்கும் இதைப் படித்துக் காட்டு. ஒளித்து வைத்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

கல்யாணம் முடிந்ததும் மெட்ராஸ் வேலையை மாற்றிக்கொண்டு இங்கேயே வந்து, சண்முகம் அண்ணன் குடும்பத்தோடு ஒன்றாக இருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். காலேஜிலிருந்து யாரோ வந்து நம் தேக்குத் தூண்களைப் படம் பிடித்துக்கொண்டு போனாராம். இந்த மாதிரி வீடு காஞ்சிபுரத்தில் பத்து கூட இல்லை என்றாராம். அதனால் பெரியம்மா, நம் வீட்டுச் சரித்திரத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள் என்கிறாய். கேட்டுவிட்டாய் அல்லவா, வாங்கிக்கொள்.

இந்த வீட்டைக் கட்டியவர் உன் கொள்ளுத்தாத்தா. அவர் ஏகாம்பரநாதர் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்து, இந்த வீட்டுக்குள் எவனும் குறுக்குச் சுவரோ நெடுக்குச் சுவரோ வைக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். இது உண்மை. அண்ணன் தம்பி பாசத்தால் வாங்கினார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் பெரியப்பாவும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மருமகளாக வந்த புதிதில் என் மாமனாரையே கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பாசமாவது ஒண்ணாவது! மழைக்காலத்துல தெருவுல பாவு இழுக்க முடியாதும்மா. வூட்டுக்குள்ள தெருக்கதவுலேர்ந்து கொல்லை வரைக்கும் இழுக்கணும். நடுவுல எவனாவது செவுரு வெச்சா எங்க இழுக்கிறது? அதுக்குத்தான் கிழவன் சாமியைக் கூட்டாளி சேத்துக்கினான்." சேலை நெய்ய நீளவாக்கில் ஓடுகிற நூல் இருக்கிறதே, அந்தப் பாவுக்காக வைத்த சட்டம் இது. மனிதர்களுக்காக வைத்தது இல்லை. இதையும் சாய்வெழுத்தில் போடு.

இனி நீ கேள்விப்படாததைச் சொல்கிறேன். உனக்கு இரண்டு வயது முடிவதற்குள் நடந்தது. நடுக்கூடத்தில் முற்றத்தை ஒட்டி உன் பெரியப்பாவின் தறி. பின்னால் இருட்டில் உன் அப்பாவின் தறி. சேலையில் கரையும் உடலும் சேருகிற இடத்தை இருட்டில் நெய்தால் கண் போய்விடும்; உன் அப்பாவுக்கு அந்த வருத்தம் உள்ளே இருந்தது. ஒரு கார்த்திகைக்கு உன் பெரியப்பா தீபம் பார்க்கத் திருவண்ணாமலை போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால், முற்றத்துக்கும் அவர் தறிக்கும் நடுவில் உன் அப்பா ஒரு புதுக் குழி வெட்டித் தறியை நட்டு, காலை உள்ளே விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார்.

"இன்னாடா இது? என் வெளிச்சத்துல உக்காந்துக்கினு நெய்யிறே?"

"வெளிச்சம் இன்னா உன் பேர்ல பட்டா போட்டிருக்குதா? எனக்கும் கண்ணு இருக்குது."

"கண்ணு இருந்தா பின்னாடி அண்ணன் தறி இருக்குதேன்னு தெரிஞ்சிருக்கும்."

"பதினஞ்சு வருஷமா எனக்குப் பின்னாடிதான் தெரியுது. செவுரு வெச்சுடு. அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஆளுக்குப் பாதி முத்தம்."

தெருவே வாசலில் கூடிவிட்டது. சுவர் என்ற சொல்லைக் கேட்டதும் ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கற்பூர சத்தியம், சாமி சும்மா விடாது, குலம் விளங்காது என்றார்கள். அண்ணனும் தம்பியும் தலையைத் தொங்கப்போட்டார்கள். அவ்வளவுதான், ஆறிப்போயிருக்க வேண்டிய சண்டை. வெளிச்சத்தைக் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "செவுருதானே வெக்கக் கூடாது? நூலு கட்டக் கூடாதுன்னு யாரும் சத்தியம் பண்ணலியே!" கூட்டம் சிரித்தது. உன் பெரியப்பா சிரிக்கவில்லை. மறுநாள் காலை, சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து வீணாய்ப் போன ஓர் அரக்குப் பாவை எடுத்து, தூணுக்குத் தூண் கழி கட்டி, தெருக்கதவிலிருந்து சமையற்கட்டின் கடைசி வரை வீட்டை நெடுக இரண்டாக்கிவிட்டார். மூன்று சேலைக்கு ஓட்டிய பாவு, வீட்டின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மார்பு உயரம் வரை நூல். அந்தக் குரல் என்னுடையது, வேலு. நூல் உன் பெரியப்பா கட்டியது என்று தெருவில் சொல்வார்கள். யோசனை நான் கொடுத்தது.

ஏன் கொடுத்தேன் என்று கேட்பாய். உன் அம்மா மங்கை தென்னேரியிலிருந்து வந்தவள். அவள் சிரித்தால் எதிர்வீட்டுத் தறி நிற்கும், அப்படி ஒரு சிரிப்பு. அவள் வந்த மாதத்திலிருந்து கண் மூடும் வரை என் மாமனார் அவள் கையால் போட்டால்தான் சாப்பிட்டார். எட்டு வருஷம் நான் போட்ட சோற்றுக்கு ஒரு நாள் நல்ல வார்த்தை கிடையாது. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதற்கு மேல் காரணம் தேடாதே, இல்லை.

நூல் கட்டிய அன்று உன் பெரியப்பா பூஜை மாடத்தின் முன் என்னையும் கற்பூரத்தை அணைக்கச் சொன்னார். நூலைத் தாண்ட மாட்டேன், அந்தப் பக்கத்தாரோடு பேச மாட்டேன். அணைத்தேன். கை சுட்டது. பெருமையாகக் கூட இருந்தது. நான் சத்தியம் தவறாதவள் என்று உனக்குத் தெரியுமே, அதைத்தான் எல்லோரும் புகழ்வார்கள்.

நூல் எப்படிப்பட்டது என்று உனக்கு நினைவிருக்குமா? சுவர் என்றால் மறைக்கும். அந்தப் பக்கம் அழுதாலும் சிரித்தாலும் நமக்கென்ன என்று இருக்கலாம். நூல் எதையும் மறைக்காது. அவள் இலையில் என்ன, உன் அப்பா அவளை எப்படி முறைத்தார், நீ எத்தனை தரம் கக்கினாய், எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். அது பெரிய வேலை. ஒரே வாசலில் அவர்கள் இடது ஓரமாக நுழைவார்கள், நாங்கள் வலது ஓரமாக. கிணறு காலையில் அவர்களுக்கு, சாயங்காலம் எங்களுக்கு. பங்குனி உற்சவத்தில் சாமி தெருவில் வந்தபோது ஒரே வாசலில் இரண்டு தேங்காய்த் தட்டு நீண்டது. குருக்கள் குழம்பி, "இது ஒரு வீடா, ரெண்டு வீடா?" என்றார். "ஒரே வீடுதான் சாமி!" என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்து பேசியது அது ஒன்றுதான். அதைத்தான் நீ பத்திரிகையில் போடப் பார்க்கிறாய்.

சமையற்கட்டிலும் நூல் நடுவே போனது. அந்தப் பக்கம் அவள் அடுப்பு, இந்தப் பக்கம் என் அடுப்பு. அவள் முகம் கண்ணில் படக்கூடாது என்று நான் அம்மிக்கல்லைப் புரட்டிப் போட்டு, நூலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரைப்பேன். முதுகுதான் என் சுவர். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? நேராகப் பேசத்தான் சத்தியம் தடுத்தது. பூனையிடம் பேசத் தடையில்லை.

"ஏ பூனை, அந்தப் பக்கம் போவாதே. அங்க பாலு வெக்க மாட்டாங்க, மூஞ்சியைத்தான் தூக்கி வெப்பாங்க" என்பாள் உன் அம்மா.

"போனா போகட்டும் பூனை. பால்ல தண்ணி ஊத்தறவங்க வூட்டுல குடிச்சுக் குடிச்சு அதுவே எளைச்சுப் போச்சு" என்பேன் நான், அம்மியைப் பார்த்துக்கொண்டு.

உடனே பின்னால் சிரிப்பு வரும். நான் அவளைத் திட்டியதற்கு அவளே சிரிப்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்ட வேண்டும். சிரிக்கிறவளை என்ன செய்வது? இன்னும் சத்தமாக அரைப்பேன்.

நீ மட்டும் அந்தச் சாண் இடைவெளியில் தவழ்ந்து இரண்டு பக்கமும் போவாய். அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய். சண்முகம் பெரியவன், அவனுக்கு அடி விழும் என்று தெரியும், தாண்ட மாட்டான். உன்னைத் தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். அங்கே என்ன குழம்பு என்று உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அதற்காகத்தான் விட்டேன்.

உனக்கு ஆறு வயது ஆகப்போன ஐப்பசி. கந்தசஷ்டி. நான் ஒரு வேளைப் பாலோடு விரதம். காலையும் மாலையும் குமரகோட்டம். ஊரில் விஷக்காய்ச்சல். உன் அப்பா நெய்த சேலைகளைக் கொடுக்க மெட்ராஸ் போயிருந்தார். உன் பெரியப்பா கோயிலில். நாலாம் நாள் காலை கோயிலிலிருந்து வந்தேன். உன் அம்மா மூன்றாம் தூணை ஒட்டிப் பாயில் கிடந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் எட்டடி இருக்கும். அவள் உதடு வெடித்திருந்தது நூல் வழியாகத் தெரிந்தது. நாலு வருஷத்தில் முதல் தரமாக, பூனையிடம் இல்லாமல் என்னிடம் சொன்னாள்.

"யக்கா... யக்கா, கொஞ்சம் தண்ணி."

நான் நின்றேன். சத்தியம் ஒரு பக்கம், விரதம் ஒரு பக்கம். காய்ச்சல்காரி கூப்பிட்டால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும் என்று இன்று தெரிகிறது. அன்று என்ன தோன்றியது தெரியுமா? இத்தனை நாள் காத்த சத்தியத்தை இவளுக்காகவா உடைப்பது என்று தோன்றியது. உன்னைத்தான் கூப்பிட்டேன். "டேய், உங்கம்மா கேக்கறா பாரு, எடுத்துக்கினு போ" என்று செம்பைக் கையில் கொடுத்தேன். நீ செம்போடு படுத்து ஊர்ந்து நூலுக்குக் கீழே நுழைந்தாய். பாதி தரையில் கொட்டிற்று. மறுபடி வந்தாய், மறுபடி கொடுத்தேன். மூன்று தரம். மூன்று தரமும் பாதி தரையில்தான். மாமியார் வீட்டில் நீ பெருமையாகச் சொன்னாயாமே, 'கடைசியில் அம்மாவுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்' என்று? கலாவின் அம்மா என்னிடம் சொல்லிக் கண் கலங்கினாள். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டடி நடக்க மாட்டாத ஒருத்தி உன் தலையில் வைத்த வேலை அது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

மத்தியானம் உன் அப்பா வந்து ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். சூரசம்ஹாரத்தன்று பிணமாகக் கொண்டுவந்தார். கூடத்தில் கிடத்த வேண்டும், சுற்றிப் பெண்கள் உட்கார வேண்டும், பாடை போக வேண்டும். பாதி வீட்டில் அகலம் பத்தவில்லை. உன் பெரியப்பா தூண் தூணாகப் போய்க் கழியை அவிழ்த்தார். பாவை வெட்டுவது நமக்கு ஆகாது, அதனால் முழுசாக அவிழ்த்தார். நானும் எதிர்வீட்டுப் பங்கஜமும் ஆளுக்கொரு முனை பிடித்துச் சுருட்டிப் பரணில் போட்டோம். உயிரோடு இருந்தவள் கூப்பிட்டபோது விலகாத நூல், செத்ததும் விலகிற்று. அன்று சாயங்காலம் முதல் இது மறுபடியும் ஒரே வீடு. அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஊர் மெச்சியது. இப்போது இருவருமே இல்லை. எனக்கு மட்டும் இந்த வீட்டின் மேல் அன்று வந்த வெறுப்பு இன்றுவரை போகவில்லை. தூணைத் துடைக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டேதான் துடைக்கிறேன்.

உன்னை வளர்த்தேன். சண்முகத்துக்கு ஒரு தோசை என்றால் உனக்கு இரண்டு. அது பாசம் என்று நினைத்துக்கொண்டாய், பிறகு அது பாசமாகவே ஆகிவிட்டது, அது வேறு. ஆனால் ஆரம்பத்தில் பயம்தான். நீ வளர்ந்து, 'ஏன் பெரியம்மா, நீங்களே வந்து கொடுத்திருக்கலாமே' என்று கேட்டுவிடுவாயோ என்று பயம். நீ கேட்கவே இல்லை. கெட்டிக்காரன் என்று பேர், இதைக் கேட்கத் தெரியவில்லை.

இப்போது என்ன அவசரம் என்று கேள். போன வெள்ளிக்கிழமை நீ வந்து தங்கப்போவதைச் சண்முகத்திடம் சொன்னேன். அவன் தறி முற்றத்து ஓரம்தானே இருக்கிறது.

"வேலு வந்தா மேசை நாற்காலி போட்டுக்கினு பேப்பர் படிக்க முத்தத்துக்குத்தான் வருவான். எனக்கு வெளிச்சம் வேணுமே" என்றான்.

"அவரு ஆபீசர். நீ எழுந்து பின்னாடி போ. வர்றவளுக்குக் காபி போட்டுக் குடுக்க நானு இருக்கிறேன்" என்றாள் அவன் பெண்டாட்டி ராணி, முறத்தைத் தட்டிக்கொண்டே.

"ஏம்மா, பரண்ல பழைய பாவு ஒண்ணு போட்டு வெச்சிருந்தியே, இருக்குதா?" என்றான் என் பிள்ளை.

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் அன்று சமையற்கட்டிலிருந்து சிரிப்புக்குத்தான் சொன்னேன். "அது எலி கடிச்சதுடா, எதுக்கும் ஒதவாது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

அதனால் சொல்கிறேன், இது யோசனை கேட்கிற கடிதம் இல்லை. நீ குடிவருவதற்கு முன் கொத்தனாரைக் கூட்டி வா. நாலு தூணையும் சேர்த்து, தெருக்கதவிலிருந்து கொல்லை வரை செங்கல் சுவர் எழுப்பு. முற்றத்தைச் சரிபாதியாக அள. சண்முகத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். சமையற்கட்டில், அந்த அம்மி இருக்கிற இடத்தில், ஒரு கதவு வை. தாழ்ப்பாள் போடாதே. சுவர் வைத்திருந்தால் அன்றைக்கே யாராவது ஒரு கதவு வைத்திருப்பார்கள் அல்லவா? நூலுக்கு யார் கதவு வைப்பார்கள்? கற்பூர சத்தியம் என்று தெருவில் எவனாவது பேசினால் என்னிடம் அனுப்பு. அந்தப் பாவத்தை நான் சந்நிதியில் சொல்லி என் தலையில் போட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே இருப்பதோடு அதுவும் இருக்கட்டும். காலேஜ்காரர் வந்து தூண் மறைந்துவிட்டதே என்று வருத்தப்பட்டால் வேறு வீட்டைப் படம் பிடித்துக்கொள்ளட்டும்.

சுவர் வைக்க மாட்டேன், குடும்பப் பெருமை என்று நீ அடம் பிடித்தால், சின்ன காஞ்சிபுரத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார். கலாவை இந்த வாசலில் நான் ஏற்ற மாட்டேன். ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டிய கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். உன் கூட்டாளிகள் முன் உனக்கு அவமானமாகப் போகும். என்னைத் தெரியும் உனக்கு, சொன்னால் செய்வேன்.

கோயில் நடை சாத்துகிற நேரம் ஆகிவிட்டது. பூ வாடிப்போயிற்று. முடிக்கிறேன் என்று எழுதிவிட்டுத்தான் பரண் மேல் ஏறி அந்தப் பாவை இழுத்துப் பார்த்தேன், சண்முகம் எடுத்துவிடப் போகிறானே, எரித்துவிடலாம் என்று. எலி கடித்தது என்று சொன்னேனே, அது பொய் இல்லை, அப்படித்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பிணம் கூடத்தில் கிடக்க, நாங்கள் சுருட்டும்போது சமையற்கட்டு முனையில் பாவு ஓரிடத்தில் ஓட்டையாக இருந்தது. பங்கஜம் காட்டினாள். "எலி கடிச்சிருக்குது, சுருட்டுடி" என்றேன். இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன், வேலு. அந்த ஓட்டை ஒரு கை நுழையும் அளவு. சுற்றிலும் இழைகளைப் பத்துப் பத்தாக ஒதுக்கிச் சேர்த்து, பிரிந்துவிடாமல் சின்னச் சின்ன முடிச்சுப் போட்டிருக்கிறது. உட்கார்ந்து அரைக்கிறவளின் தோள் உயரத்தில், சரியாக என் முதுகுக்குப் பின்னால், அவள் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தது. எலி முடிச்சுப் போடாது.